சுக்கானி வாங்கிய ஜப்பான் கடிகாரம்

எர்ணாகுளத்தில் ஜப்பான் கைக்கடிகாரங்களுக்கென்றே ஒரு கண்ணாடிக் கடை திறந்திருக்கிறார்கள். அங்கே சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஷஹானா போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். அவளும் எங்களைப் போல மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பம்தான். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்து தெரியாது.

"சாந்தி அக்கா, ஒரு கார் வெலைக்கு வாட்ச் விக்கிறோம். வர்ற ஆளுங்க எல்லாம் ஒரே கேள்விதான். 'ஜப்பான் வாட்சுக்கு இத்தர வெலயோ? சுவிஸ் ஆயிருந்தா மனசிலாக்காம்'னு, சுவிஸ்னா புரியும்னு சொல்றாங்க. எனக்குப் பதில் சொல்ல வரல. நீங்க நம்ம தமிழ்ச் சங்கத்து மலருக்கு எழுதித் தாங்க. வாசிச்சுக் காட்டினா நான் மலையாளத்துல ஆக்கிக்கிடறேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அந்தக் கேள்வி ஒரு காலத்தில் இருந்தது. மட்டாஞ்சேரியில் ஜப்பான் வாட்ச் என்றால் வளைகுடாவிலிருந்து வருகிறவர் மச்சானுக்கும் மாமாவுக்கும் கொண்டு வருவது. தேதியும் கிழமையும் காட்டும், கையை ஆட்டினால் ஓடும். நல்ல உழைப்பாளிக் கடிகாரங்கள். ஆயிரக்கணக்கில் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஆனால் அவற்றை யாரும் மலைத்துப்போய்ப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

என் அப்பா நகராட்சியில் குழாய் வேலை பார்த்தவர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாலஸ் ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த ஷெனாய் சாரின் பட்டறையில் சேர்ந்தேன். மூன்று மேஜை, மூன்று விளக்கு, ஒரு சுவர் மின்விசிறி. கீழே சுக்குக் கிடங்கு. சுக்குத் தூசி மேலே வரக்கூடாதென்று ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். முதல் ஒன்றரை வருடம் கழற்றுவதும் கழுவுவதும்தான் வேலை. அந்தக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் ட்வீசரின், அந்தச் சின்ன இடுக்கியின், முனையைத் தீட்டத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

ஷெனாய் சார் வீட்டில் கொங்கணி, ஊரில் மலையாளம், என்னிடம் இரண்டுக்கும் நடுவே ஒரு தமிழ். குரலை உயர்த்திக் கேட்டதில்லை. ஒருவர் கடிகாரம் கொண்டு வந்தால் அதை உடனே கையில் வாங்க மாட்டார். மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, "இதிலே வெக்கணும்" என்பார். பிறகு ஒரு அட்டையை எடுத்து, கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரிமையாளரின் எதிரிலேயே ஒவ்வொரு கீறலையும் சொல்லிக்கொண்டே எழுதுவார். "ஆறு மணிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் சின்ன விரிசல். இடது பக்கம் ரெண்டு கீறல், ஒண்ணு ஆழம்." கடைசியில் அட்டையைத் திருப்பி வைத்து அவரிடம் கையெழுத்து வாங்குவார். அதில் யார் பெயர் உரிமையாளர் என்று எழுதியிருக்கிறதோ, அவர் கையில்தான் திரும்பக் கொடுப்பார். பெண்டாட்டி வந்தாலும் கொடுக்க மாட்டார், பிள்ளை வந்தாலும் கொடுக்க மாட்டார். எத்தனையோ பேர் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். சார் சிரித்துக்கொண்டே அட்டையைக் காட்டுவார்.

நான் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். ஜப்பானில் படித்துத் திரும்பிய ஒரு டாக்டர், ஃபோர்ட் கொச்சிக்காரர், தன் கடிகாரத்தைக் கொண்டு வந்தார். ஸ்டீல்தான். தங்கமில்லை, கல் பதிக்கவில்லை. அட்டையில் சார் எழுதியது: எண்ணெய் மாற்றம் மட்டும்.

நான் வேலையை முடித்தேன். மனம் நிறைவாக இருந்தது. கூடுதலாக ஒன்று செய்து சாரிடம் பேர் வாங்கலாமென்று, கடிகாரத்தின் ஸ்டீல் கூட்டின் ஒரு பக்கத்தைப் பாலிஷ் சக்கரத்தில் இரண்டு நிமிடம் பிடித்தேன். பளபளவென்று வந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சார் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். எழுந்து டியூப் லைட்டுக்குக் கீழே போய் நின்றார். "சாந்தீ, இவிடே வா. இந்தப் பக்கத்தில் டியூப் லைட்டை நோக்கு."

நான் தொடாத பக்கம் அது. டியூப் லைட்டின் பிம்பம் அந்தச் சின்ன ஸ்டீல் பரப்பில் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்திருந்தது. கடிகாரத்தை அவர் மெல்லச் சாய்த்தார். கோடு அசங்காமல், வளையாமல், ஓரம் வரைக்கும் வழுக்கிப் போய்ச் சட்டென்று அணைந்தது. அடுத்த முகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு முகமும் சேரும் விளிம்பு கத்தி வாய் மாதிரி இருந்தது.

"இனி இதை நோக்கு."

நான் பாலிஷ் போட்ட பக்கம். அதிலும் டியூப் லைட் தெரிந்தது. தண்ணீரில் விழுந்த கயிறு மாதிரி நெளிந்தது.

"அவிடே, ஜப்பான்ல, ஒரு ஆள் உண்டு," என்றார் சார். "சுத்துற தகட்டு மேலே இந்தக் கூட்டைக் கையால் பிடிப்பான். எத்தனை அமுக்கு, எத்தனை சாய்வு, எல்லாம் அவன் விரலில்தான். வருஷக்கணக்காப் படிச்ச விரல். நம்ம சக்கரம் துணி. துணி விளிம்பைத் தின்னும். தின்னது திரும்பி வராது."

அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தே டாக்டர் வீட்டுக்குப் போனார். "எங்கள் கடையில் ஒரு பிழை வந்துபோயி" என்றார். இந்தப் பெண் செய்தாள் என்று சொல்லவில்லை. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றார்.

"டாக்டர் காணலைன்னாலும் அது போயி" என்றார் சார்.

அந்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டு வாங்கியதால் அல்ல, திட்டவே இல்லையே! டியூப் லைட்டின் அந்த நேர்க்கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. ஒருவர் பார்க்கவே வாய்ப்பில்லாத நேர்த்தியை, ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர், பார்ப்பவர் கண்ணை நம்பாமல் தன் கையை மட்டும் நம்பிச் செய்து வைத்திருக்கிறார். நான் இரண்டு நிமிடத்தில் அழித்துவிட்டேன். ஜப்பான் கடிகாரத்தை நான் பயந்து பார்க்க ஆரம்பித்தது அன்றுதான்.

இனி, ஷஹானாவுக்கு நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, மழைக்காலம். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா படியேறி வந்தார். குடையை வெளியே சாய்த்துவிட்டு, சார் சாயா குடிக்கப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார். பெயர் நூர்ஜஹான். பஜார் பக்கத்தில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். கணவர் காதர் மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். அதற்கு முன்னால் கப்பலில் சுக்கானி, அதாவது சக்கரம் பிடித்துக் கப்பலைத் திருப்புகிறவர்.

மடியிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். நான் வெள்ளைத் துணியை விரித்தேன்.

ஓடாத கடிகாரம். தோல் வார் காய்ந்து உடைந்திருந்தது. பின்மூடியில் யாரோ கத்தியால் நெம்பிய தடம். ஆனால் முன்பக்கத்தை ஜன்னல் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பார்த்தேன். ஜன்னலின் விளிம்பு கூட்டின் மேல் நேர்க்கோடாக ஓடி, ஓரத்தில் சட்டென்று அணைந்தது. டாக்டர் கடிகாரத்தின் அதே தயாரிப்பாளர். அதைவிடப் பழையது.

"ரிப்பேருக்கா இத்தா?" என்று, முஸ்லிம் வீட்டு அக்காமாரைக் கூப்பிடுகிறபடியே கேட்டேன்.

"ரிப்பேரு அப்புறம். நீ மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லணும். இது களவு மொதலா, சொந்த மொதலா?"

எனக்குப் புரியவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். எழுபதாம் வருடம் காதர் போன கப்பலில் செகண்ட் ஆபீசரின் விலை உயர்ந்த ஜப்பான் வாட்ச் காணாமல் போனது. தேடினார்கள், கிடைக்கவில்லை. பயணம் முடிந்து எல்லோரும் இறங்கினார்கள். காதர் வேறொரு கப்பலில் ஏறி, எழுபத்திரண்டு தொடக்கத்தில் வீடு திரும்பினார். வரும்போது கையில் இந்தக் கடிகாரம். பழைய கப்பலில் கூட இருந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது ஆபீசர் சாயிப்போட வாட்சாக்கும்" என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"அவுக ஜப்பான்ல, கோபே துறமுகத்துல சொந்தக் காசுக்கு வாங்கினேன்னு சொன்னாக. யாரும் விசுவசிக்கல. ஒரு சுக்கானிக்கு எதுக்கு இத்தர வெல பிடிச்ச வாட்ச்னு கேட்டாங்க. கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டு பேரை வெட்டிட்டாரு. அதோட கடல் போச்சு. அன்னைக்கு அவுத்து வெச்சதுதான், பிறகு கட்டவே இல்ல."

"நீங்க அவரக் கேட்டீங்களா இத்தா?"

அவர் கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "முப்பது வருஷமாச்சு. ஒருக்காகூட கேட்டதில்ல. விசுவாசம் உள்ள பொண்டாட்டின்னு அவுக நெனைக்கிறாக. பக்ஷே எனக்குள்ள ஒரு முள்ளு கெடக்கு மோளே. எங்க சக்தி என்ன, சம்பளம் என்னன்னு எனக்குத் தெரியுமே. மனசு கேக்கல."

இதற்குள் சார் வந்து கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. வந்து உட்கார்ந்து அட்டையை எடுத்தார். உரிமையாளர் என்ற இடத்தில், "ஆரோட பேரு?" என்று கேட்டார். நூர்ஜஹான் இத்தா கைக்குட்டையை மடியில் செருகிக்கொண்டு, "காதர்னு எழுதுங்க" என்றார்.

பின்மூடியின் வெளியே எண் இருந்தது. அந்தத் தயாரிப்பாளரின் எண்களில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். இதில் ஒன்று, ஒன்பது என்று தொடங்கியது.

நான் சொல்லிவிட்டேன். "சார், எழுபத்தொண்ணு செப்டம்பர்! ஆபீசர் வாட்ச் தொலைஞ்சது எழுபதுல. அப்ப இது பொறக்கவே இல்லையே!"

இத்தா எழுந்தே விட்டார். சார் கையைக் காட்டி அமர்த்தினார்.

"ஒண்ணுன்னா எழுபத்தொண்ணும் ஆகும், அறுபத்தொண்ணும் ஆகும். அறுபத்தொண்ணு ஆனா, ஆபீசர் கையில இருந்திருக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "சாந்தீ, வாட்சு சொல்றது மாத்திரம் பற. அது சொல்லாததை நீ பறயண்டா" என்றார்.

நான் லூப்பைக் கழற்றி வைத்தேன். இத்தா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காதர் இக்காவுக்கு இது தெரியாது, கப்பல் புத்தகத்தையும் எடுத்து வந்திருக்கிறேன் என்று படியில் நின்று சொல்லி அதைக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தில் எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினார், இறங்கினார் என்று முத்திரையோடு இருந்தது. அவர் சொன்ன வருடங்கள் சரிதான்.

மறுநாள் காலையில் திறந்தோம். மூடிக்குள்ளிருந்த ரப்பர் வளையம் தார் மாதிரி இளகியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரம். பிறகு உள்ளே பார்த்தேன்.

சுவிஸ் கடிகாரங்களில் சக்கரங்களைத் தாங்கும் பாலத் தகடுகளின் மேல் அலை அலையாகக் கோலம் போட்டிருப்பார்கள். இதில் அதிகம் இல்லை. அடக்கமாக இருந்தது. ஆனால் லூப்பில் பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு மெதுவானது. திருகுகளின் தலைப் பள்ளங்களில் பிசிறு இல்லை. முன்பக்கம் திருப்பினேன்; முள்ளின் ஓரங்கள் சீவிய மாதிரி. மணிக்குறிகள் ஒவ்வொன்றும் நெல்மணி அளவு; அதில் ஐந்தாறு முகங்கள், ஒவ்வொரு முகமும் ஒரு கண்ணாடி. லூப்பை எடுத்தால் வெறும் வெள்ளைக் கோடு. முப்பது வருடம் மட்டாஞ்சேரி உப்புக்காற்றில் கைக்குட்டைக்குள் கிடந்திருக்கிறது, முகப்பில் ஒரு புள்ளி கறையில்லை.

எண்ணெய் காய்ந்திருந்தது. அது சுலபம். ஹேர்ஸ்பிரிங்தான் கஷ்டம். கத்தியால் நெம்பியவர் உள்ளேயும் கை வைத்திருக்கிறார். தலைமுடியைவிட மெல்லிய அந்தச் சுருளின் வெளிச்சுற்று வளைந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டியிருந்தது. மாற்று கிடைக்காது. நிமிர்த்தத்தான் வேண்டும். தவறினால் அந்தக் கடிகாரம் இனி ஓடாது, அது சொல்ல வேண்டியதையும் சொல்லாது.

ஏனென்றால் அது அறுபத்தொன்றா எழுபத்தொன்றா என்று ஓடும் வேகம்தான் சொல்லும். அறுபதுகளின் தொடக்கத்துக் கடிகாரங்கள் நொடிக்கு ஐந்து முறை, ஐந்தரை முறை துடிக்கும். நொடிக்குப் பத்து முறை துடிக்கும் இயக்கத்தை இவர்கள் பின்னால்தான் செய்தார்கள். சக்கரத்துப் பற்களை எண்ணியும் கணக்குப் போடலாம். ஆனால் சாருக்குக் காதால் கேட்க வேண்டும், காகிதத்தில் பார்க்க வேண்டும்.

"நீ செய்" என்றார் சார்.

"நீங்க செய்யுங்க சார். எனக்குப் பயமா இருக்கு."

"பயமுள்ள ஆள்தான் செய்யணும்." மின்விசிறியை நிறுத்தினார். தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்று பூராவும் திரும்பவே இல்லை.

வெள்ளைத் தாளின் மேல் சுருளை வைத்தேன். இரண்டு ட்வீசர். ஒன்று பிடிக்க, ஒன்று தொட. அழுத்தக்கூடாது, தொட்டால் போதும். தொட்டுவிட்டு லூப்பில் பார்க்க வேண்டும், கடிகாரத்தை மறந்து சுற்றுகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியை மட்டும் பார்க்க வேண்டும். எல்லா இடைவெளியும் ஒன்றுபோல் ஆகிவிட்டால் சுருள் சரி. வேர்வை விழாமலிருக்க நெற்றியில் துணி கட்டியிருந்தேன். முதல் நாள் முடிவில் இருந்ததைவிட மோசமாகிவிட்டது. அழுகை வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், மழை ஓய்ந்திருந்த நேரம், கடைசியாக ஒரு தொடுதல். வெள்ளை இடைவெளிகள் கோலப்பொடி இழுத்த மாதிரி ஒழுங்காக விரிந்தன.

கூட்டிச் சேர்த்து, சாவி கொடுத்தேன். ஓடியது.

நான் கேட்டுப் பழகிய டிக் டிக் இல்லை. நெருக்கமாக, மழைத்தூறல் ஓட்டின் மேல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். நொடி முள் தாவவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. சார் நாற்காலியைத் திருப்பினார். டைமிங் மெஷினில் வைத்தார். அது கடிகாரத்தின் துடிப்பைக் கேட்டுக் காகித நாடாவில் புள்ளிகளாக அடிக்கும். துடிப்பும் மெஷினின் எண்ணும் பொருந்தினால் புள்ளிகள் கோடாகச் சேரும், பொருந்தாவிட்டால் மணல் மாதிரி சிதறும். ஐந்தில் வைத்தார், சிதறின. ஆறில் வைத்தார், சிதறின. எட்டிலும் அப்படியே. பத்தில் வைத்ததும் இரண்டு கோடுகள் அருகருகே தண்டவாளம் போல நாடாவில் நகர ஆரம்பித்தன.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தா இது" என்றார் தனக்குள். "முப்பது வருஷம் உறங்கின சாதனம்."

ஒரு நாளைக்கு மூன்று நொடி பிசகியது. அதை நான் திருத்தவே தயங்கினேன்.

எனக்கு அன்றே இத்தா வீட்டுக்கு ஓட வேண்டும் போலிருந்தது. சார் விடவில்லை. "எனக்குத் தெரியும், நினக்கும் தெரியும். அது சாட்சியாகாது." ஜப்பானுக்கு ஆங்கிலத்தில் கடிதம் தட்டச்சு செய்தார். எண், இயக்கத்தின் எண், திறந்தபோது எடுத்த நாலு போட்டோ, நாடாவின் ஒரு துண்டு. கையெழுத்து மட்டும் என்னைப் போடச் சொன்னார், வேலை செய்தவள் நான் என்பதால்.

ஐந்து வாரம் ஆனது. அதற்குள் இத்தா இரண்டு முறை வந்து, கேட்காமலே கதவருகில் நின்றுவிட்டுப் போனார். பதில் என் பெயருக்கு வந்தது. என் வாழ்க்கையில் வெளிநாட்டிலிருந்து என் பெயருக்கு வந்த முதல் உறை. ஒரே ஒரு தாள். இந்த இயக்கம் அறுபதுகளின் பின்பகுதிக்கு முன் தயாராகவில்லை. இந்த எண் எழுபத்தொன்று செப்டம்பரைக் குறிக்கும். யாருக்கு விற்கப்பட்டது என்ற குறிப்பு தங்களிடம் இல்லை. இவ்வளவு காலம் அதை வைத்திருப்பவருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கவும் என்று கடைசி வரி. உறைக்குள் சின்னக் காகிதப் பை ஒன்று இருந்தது. பிரித்தால் புது ரப்பர் வளையம். நாங்கள் கேட்கவில்லை. போட்டோவில் இளகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

ஷஹானா, வாட்சுக்கு ஏன் அந்த விலை என்று கேட்கிறவர்களிடம் இந்த ரப்பர் வளையத்தைச் சொல்.

இத்தா வந்தபோது சார் கடிதத்தை வரி வரியாக மலையாளத்தில் வாசித்தார், நான் தமிழில் சொன்னேன். கப்பல் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, ஆபீசரின் வாட்ச் தொலைந்த கப்பலிலிருந்து காதர் இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் இந்தக் கடிகாரம் செய்யப்பட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். இத்தா அழவில்லை. நீண்ட நேரம் அந்த முத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குடு மோளே, நான் கொண்டு போறேன்" என்று கையை நீட்டினார்.

சார் அட்டையைக் காட்டினார். உரிமையாளர்: காதர்.

"சாரே, அவுகளுக்கு நான் எடுத்ததே தெரியாது."

"தெரியணும்" என்றார் சார்.

மறுநாள் காதர் இக்கா வந்தார். நெடிய மனிதர், லுங்கி, சட்டையெல்லாம் மிளகுத் தூசி. பின்னால் இத்தா. கிடங்கிலிருந்து நேராக வந்திருக்கிறார், கோபமாகத்தான் வந்திருக்கிறார் என்று படியேறும் சத்தத்திலேயே தெரிந்தது. வெள்ளைத் துணியின் மேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தபடியே மனைவியிடம் கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நூரு?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவீகளோன்னு பயம்."

"முப்பது வருஷமாவா?"

"முப்பது வருஷமா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நானும் சாரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றோம். அவர் கடிகாரத்தைத் தொடாமல் பேசினார், எங்களிடம் சொல்கிற மாதிரி, ஆனால் இத்தாவுக்காக.

"கோபேயில கப்பல் ரிப்பேருக்கு நின்னுது. நாலு நாள். ஒரு கடைக் கண்ணாடில இதைப் பாத்தேன். தெனமும் போய் நின்னு பாப்பேன். நொடி முள்ளு நிக்காம ஓடுது பாருங்க, அலையில கப்பல் போற மாதிரி. மூணாவது நாள் கடைக்காரன் வெளிய வந்தான். வெரட்டுவான்னு நெனைச்சேன். எங்க போனாலும் கப்பல் கலாசின்னா வெரட்டுவாங்க. அவன் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சான். துணிய விரிச்சான். இதை எடுத்து, ரெண்டு கையாலயும் ஏந்தி, தலையைக் குனிஞ்சு எனக்கு நீட்டினான். அதுவரைக்கும் எனக்கு எவனும் ஒண்ணையும் ரெண்டு கையால தந்ததில்ல. நான் வாங்காம எப்படித் திரும்பி வருவேன்?"

இத்தா அப்போதுதான் அழுதார்.

சார் எழுந்தார். அட்டையில் கையெழுத்து வாங்கினார். பிறகு, தன் வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். கடிகாரத்தை இரண்டு கையிலும் ஏந்தி, கொஞ்சம் குனிந்து, நீட்டினார். காதர் இக்காவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். "இதை பஜார்ல காட்டுங்க இக்கா. சொன்னவங்க எல்லாம் பாக்கட்டும்."

"சொன்னவன்ல பாதிப் பேர் மௌத்தாயிட்டான். மீதிப் பேர் மறந்துட்டான். யாருக்குக் காட்டறது?" என்றார் அவர்.

"எனக்கு வேணும்" என்று இத்தா வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் போல காதர் இக்கா அந்தக் கடிகாரத்தைப் புதுத் தோல் வாரில் கட்டியிருந்தார். மிளகு எடை போடும்போதுகூட கழற்றவில்லை. மாதத்துக்கு ஒருமுறை மேலே வந்து, "இந்த மாசம் இவ்வளவு நொடி பிசகு" என்று கப்பல் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். ஏஜெண்டு மீதோ, பழி சொன்ன ஆள் மீதோ ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. கடலைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார்.

அவர் இறந்து, மௌத்தின் நாற்பதாம் நாளும் கழிந்த பிறகு நூர்ஜஹான் இத்தா வந்தார். ஜூ டவுனில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு இப்போது இந்த மாதிரிக் கடிகாரத்தின் மேல் பைத்தியம் என்று சொல்லி ஒரு விலை கேட்டாராம். விற்பதற்கு மதிப்புச் சொல்லத்தான் என்னைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அதில்ல மோளே. வார்ல ஓட்டை போடணும். எங்கைக்கு லூசா இருக்கு."

அவர் கையை நீட்டினார். மெலிந்த மணிக்கட்டு, ஒரு கண்ணாடி வளையல். அளந்து பார்த்தேன். காதர் இக்கா போட்டுப் போட்டு நீண்டிருந்த ஓட்டையிலிருந்து மூன்று ஓட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது. போட்டுக் கட்டிவிட்டேன். அவர் ஒருமுறை காதருகே வைத்துக் கேட்டார். வழக்கம்போல முக்காட்டுத் துணியை மணிக்கட்டு மறையும்படி இழுக்கப் போனவர், பாதியில் விட்டுவிட்டு, கடிகாரம் கட்டிய கையைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துக்கொண்டு படியிறங்கிப் பஜாருக்குப் போனார்.